எட்டாவது பாட்டின் குரல்

ஜூலை 2

இன்று ஒரு நல்ல காரியம் செய்தேன். மெகபூப் பாயின் ஸ்டூடியோவில் அவர் பக்கத்திலேயே நின்று, என் எட்டுப் பாட்டுக்குமான ட்ராக்கை அழிக்க வைத்தேன்.

ட்ராக் என்றால் என்ன என்று இந்த நோட்டுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால் எரிச்சல் கொஞ்சம் இறங்குகிறது. சினிமாவில் பெரிய பாடகி வரும்வரைக்கும் யாராவது ஒருத்தி மெட்டைப் பாடி வைக்க வேண்டும். அதுதான் ட்ராக். பெரிய பாடகி கார் விட்டு இறங்கி வந்து, அதைக் காதில் போட்டுக் கேட்டுக்கொண்டே அதே மாதிரி பாடிவிட்டுப் போவார். அவர் பாடியதற்குப் பெயர் ஃபைனல் வாய்ஸ். அது வந்த பிறகு ட்ராக்கை அழித்துவிடுவார்கள். பத்தொன்பது வருஷம் நான் பாடிய பாட்டெல்லாம் அப்படி அழிந்ததுதான். முந்நூறுக்கு மேல் இருக்கும். பஸ்ஸில் அந்தப் பாட்டுகள் ஓடும்போது நான் போட்ட குழைவு, நான் மூச்சு விட்ட இடம் எல்லாம் இன்னொருத்தி தொண்டையில் அப்படியே கேட்கும். ஹெப்சிபா அருள்ராஜ் என்று எங்கேயும் ஒரு எழுத்து இருக்காது.

இந்த ஆல்பம் அப்படியில்லை. மெட்டு என்னுடையது, குரல் என்னுடையது, நடுவில் கம்பெனி என்று ஒருவன் கிடையாது. ஆகஸ்ட் பத்தாம் தேதி நேராக என் ஆட்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் கைக்குப் போகிறது. கொரோனா சமயத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சமையலறையில் செல்போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்துப் பாடினேனே, அப்போது சேர்ந்த கூட்டம். முன்கூட்டியே பணம் கட்டிக் காத்திருக்கிறார்கள்.

பிப்ரவரியில் புல்லாங்குழல்காரருக்கு மெட்டுத் தெரிய வேண்டுமே என்று எட்டையும் ஒரே நாளில் உட்கார்ந்தபடி பாடி வைத்தேன். இன்று பார்த்தால் பாய் அதற்கு 'ஹெப்சி ட்ராக்' என்று பெயர் போட்டு வைத்திருக்கிறார். எனக்கு வந்ததே கோபம்.

"இருக்கட்டும்மா. அது பாட்டுக்கு ஓரமா கெடக்கும். எல்லாப் பாட்டும் ஃபைனல் முடிஞ்சதும் தூக்கிரலாம்" என்றார்.

"இப்பவே தூக்குங்க பாய். என் சொந்த ஆல்பத்துலயும் நான் ட்ராக்கா?"

அழித்தார். குப்பைத் தொட்டியையும் காலி பண்ணச் சொன்னேன். ஐந்து பாட்டுக்கு ஃபைனல் எடுத்தாகிவிட்டது, இன்னும் மூன்று. மனசு லேசாக இருந்தது. வரும் வழியில் அரைக் கிலோ நெத்திலி வாங்கினேன்.

ஜூலை 3

குக்கர் விசில் போய்விட்டது. புதுசு மாட்டியும் ஒழுகுகிறது.

ஜூலை 6

கழுத்தில் இருக்கும் கட்டியைப் பற்றி இங்கே எழுதக் கூடாது என்று வைத்திருந்தேன். இவர் விடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். பி.டி. மாஸ்டர் இல்லையா, இழுத்தால் போகத்தான் வேண்டும்.

மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுப் பார்த்தார் டாக்டரம்மா. இடது பக்கக் குரல் நாண் சரியாக அசையவில்லையாம். கட்டி நரம்பை அமுக்குகிறதாம். சீக்கிரம் ஆபரேஷன் பண்ண வேண்டும், பேச்சைக் குறைக்க வேண்டும், பாட்டு அறவே கூடாது என்றார். ஆபரேஷனுக்கு அப்புறம் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "இப்ப சொல்ல முடியாதும்மா. தெறந்து பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

எனக்குக் குரல் நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் கொஞ்சம் கரகரப்பு. யாருக்குத்தான் இல்லை.

ஆட்டோவில் இவர் சொன்னார்: "பாட்டு எங்கயும் ஓடிப் போவாதுல்லா. மொதல்ல கழுத்தப் பாரு."

"குரல் ஓடிப் போயிரும்ங்க. எட்டையும் பாடி முடிச்சுட்டு நானே வந்து படுத்துக்கிடுதேன்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

ஜூலை 8

ஆறாவது பாட்டு. பாயின் ஸ்டூடியோவுக்குப் பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். காலை ஒன்பதிலிருந்து துளை போடும் சத்தம். ஆட்கள் சாப்பிடப் போகும் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரைதான் எங்களுக்கு நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிஷம் மைக்கோடு போய்விட்டது. பழைய மைக் போல. நான் பாடினால் அதில் ஒரு காற்றுச் சத்தம் சேர்ந்து வருகிறது. மாற்றச் சொன்னேன். இரண்டாவதிலும் அதே சத்தம். மூன்றாவது மைக்கைப் பக்கத்துத் தெருவில் யாரிடமோ கடன் வாங்கி வந்தார்.

"மைக் நல்லாத்தான் இருக்கும்மா" என்றார் பாய், என் முகத்தைப் பார்க்காமல்.

அவருக்கு வயசாகிவிட்டது. காது முன்னே மாதிரி இல்லை என்று நினைக்கிறேன். எப்படியோ ஆறாவது முடிந்தது.

ஜூலை 10

முன்பணம் கட்டிய ஒவ்வொருவருக்கும் அவர் பெயரைச் சொல்லி என் குரலில் ஒரு நன்றி அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். கம்பெனிக்காரன் செய்வானா இதை? நான் செய்வேன். இன்று நாற்பத்தாறு பேர் முடிந்தது. பிச்சைக்கனி, டெல்ஃபின், யோகாம்பாள், அப்துல் லத்தீப். பெயரைத் தப்பாகச் சொன்னால் எனக்கே பிடிக்காது, அதனால் சிலதை நாலைந்து தடவை பதிவு பண்ண வேண்டியிருந்தது. மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் ரோஸ்லின் திரும்ப அனுப்பினாள்: "அக்கா, சளியா? சுடுதண்ணி குடிங்க."

சளிதான். இந்த ஊர்த் தூசி.

இவருக்குத் தெரியாமல் மொட்டைமாடியில் நின்று அனுப்பினேன். இன்னும் நூற்றெழுபது பேர் பாக்கி.

ஜூலை 13

ஆல்பத்தை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்த ஆடியோ கம்பெனி மனிதர் மறுபடியும் கூப்பிட்டார். எல்லா உரிமையும் அவர்களுக்கு எழுதிக் கொடுத்தால் அவர்களே வெளியிடுவார்களாம். "வாய்ஸ் வேணும்னா வேற நல்லா தெரிஞ்ச முகமா போட்டுக்கலாம் மேடம்" என்றார். வெட்கமே இல்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டு வைத்துவிட்டேன். தொண்டை எரிந்தாலும் திருப்தியாக இருந்தது.

அந்தச் சூட்டோடு என் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "எட்டுப் பாட்டும் என் குரல். ஒரு வரிகூட வேறு யாரும் பாடவில்லை. மெஷினில் திருத்திய குரல் இல்லை. பிடித்தால் கேளுங்கள், இல்லாவிட்டால் திட்டுங்கள், ஆனால் என்னைத் திட்டுங்கள்." இருநூறு பேர் கை கூப்பினார்கள். குளித்தலையிலிருந்து பழனிவேல், பஸ் கண்டக்டர், குரல் செய்தியே அனுப்பினார்: "அக்கா, ஒங்க கொரல ஆயிரம் கொரல்ல வச்சாலும் நான் கண்டுபிடிச்சிருவேன். இந்த வார்த்த ஒண்ணு போதும்."

நாலு தடவை போட்டுக் கேட்டேன்.

ஜூலை 17

ஏழாவது பாட்டு. நாலு நாள் ஆனது. ஒவ்வொரு வரியாக, சில இடத்தில் ஒவ்வொரு சொல்லாகப் பாடி, பாய் ஒட்டுப்போட்டார். முன்னெல்லாம் ஒரே மூச்சில் பாடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். பாய் கேட்டார், "கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துட்டு அடுத்த மாசம் வச்சுக்கலாமாம்மா?" அடுத்த மாசம் எனக்கு என்ன காத்திருக்கிறது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், வேலை நடக்காது.

ஜூலை 18

வீட்டில் பேசவில்லை. சிலேட்டில் எழுதிக் காட்டினேன். இவருக்கு ஏக சந்தோஷம்.

ஜூலை 21

ஸ்கேன் முடிவு வந்தது. ஆகஸ்ட் பதினாலு ஆபரேஷன். டாக்டரம்மா இவரைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். வெளியே வந்த இவர் மருந்துச் சீட்டை நாலாக மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தார். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, வெறும் வயித்துல வரணுமாம்" என்றார்.

சரி, பத்தாம் தேதிக்குள் ஒரு பாட்டு. ஒன்றே ஒன்று.

ஜூலை 24

எட்டாவது பாட்டு 'உச்சி வெயில்'. இதுதான் ஆல்பத்துக்கே உயிர்.

உச்சி வெயிலே, உச்சி வெயிலே,
என் நெழல ஏன் என் காலுக்குள்ள ஒளிச்சு வச்ச?

இரண்டாவது 'வெயிலே' மேலே ஏற வேண்டும். ஏறி அங்கேயே நிற்க வேண்டும், நடுப்பகல் மாதிரி அசையாமல். இன்று அது ஏறவே இல்லை. பாதி வழியில் சத்தம் அறுந்து வெறும் காற்று வருகிறது. ஒன்றிலிருந்து இரண்டு வரை இருபத்தேழு தடவை பாடினேன். பக்கத்து மனையில் துளை போட ஆரம்பித்ததும் நானே நிறுத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாய் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பிப்ரவரியில் உட்கார்ந்தபடி பாடியது. எட்டும் நல்ல குரல். 'உச்சி வெயில்' ஒரே டேக்.

"பாய், அந்த ட்ராக்க எடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் எதற்கு அதைச் சொன்னேன்? எனக்குத் தெரியாதா?

ஜூலை 25

பாயிடம் கத்தினேன். பெரிய மனுஷன், முப்பது வருஷ அனுபவம், ஒரு பைத்தியக்காரி அழிக்கச் சொன்னால் அழித்துவிடுவதா? ஒரு நகல் எடுத்து வைக்கத் தோன்றாதா? அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ட்ராக்குக்கு நகல் வைக்க மாட்டோம்மா. வெளிய போச்சுன்னா கம்பெனிக்காரன் சண்டைக்கு வருவான்ல. கை அப்படியே பழகிருச்சு." டிஸ்க்கை ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போய் இரண்டு கடையில் காட்டினாராம். அந்த இடத்தின் மேலேயே ஆறாவது, ஏழாவது பாட்டின் ஃபைனல் பதிவாகிவிட்டதாம். வராது என்று சொல்லிவிட்டார்கள்.

என் குரல் மேலேயே என் குரலைப் பதிந்து அழித்திருக்கிறேன். அவரிடம் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஜூலை 29

சுருதியை இறக்கிப் பார்த்தோம். புல்லாங்குழலோடு ஒட்டவில்லை. அவர் இப்போது வெளிநாட்டில் கச்சேரியில் இருக்கிறார், திரும்ப வாசிக்க முடியாது. ஏழு பாட்டோடு விட்டுவிடலாமா என்று பாய் கேட்டார். எட்டு என்று எழுதி, எட்டுக்குப் பணம் வாங்கியாகிவிட்டது. அட்டைப் படத்திலேயே உச்சி வெயில்தான். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். உண்மை அதுவல்ல. நான் என்ன பாடகி என்று யாராவது கேட்டால், அந்த ஒரு பாட்டைத்தான் காட்டுவேன்.

கொஞ்ச நேரம் கழித்து பாய், "செல்வமீனான்னு ஒரு பொண்ணு இருக்கு. திண்டுக்கல். இப்ப எல்லாரும் ட்ராக்குக்கு அதத்தான் கூப்புடுறாங்க. யார் குரல்ல கேட்டாலும் பாடும். சும்மா ட்ராக் எடுத்து வைப்போம். ஒங்களுக்குத் தேறுனதும் அது மேல நீங்க பாடிக்குங்க" என்றார்.

சும்மா ட்ராக். இரண்டு பேருக்கும் தெரிந்த பொய்தான் அது. நான் சரி என்றேன்.

ஆகஸ்ட் 1

வந்தாள். இருபத்து மூன்று, நாலு வயசு இருக்கும். தோளில் தண்ணீர் பாட்டில், கையில் ஒரு நோட்டு. நோட்டில் ஒவ்வொரு பாடகியும் எங்கே மூச்சு விடுவார் என்று குறித்து வைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "நீங்க ஞாயித்துக்கெழம பாடுவீங்கள்லக்கா, நானும் அம்மாவும் கேப்போம்" என்றாள்.

என் ஏழு பாட்டையும் போட்டுக் காட்டச் சொல்லிப் பாயிடம் கேட்டாள். பாய் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பதிவுகளில் மூன்றைப் போடச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு உள்ளே போய் நின்று பாடினாள்.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அவள் வாயைத் திறந்தால் நான் வருகிறேன். போன வருஷத்து நான். இரண்டாவது 'வெயிலே' மேலே போய் நின்றது. எனக்கு அவளைப் பிடித்துக் கீழே தள்ள வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. கன்னத்தில் ஈரம். பாய் டிஷ்யூ டப்பாவை நகர்த்தி வைத்தார்.

போகும்போது கேட்டாள்: "நீங்க எப்பக்கா ஃபைனல் பாடுவீங்க?"

"அடுத்த வாரம்."

"நான் வந்து கேக்கட்டுமாக்கா? ஓரமா ஒக்காந்துக்கிறேன்."

"கூட்டம் இருந்தா எனக்குப் பாட வராதும்மா."

நானும் ஒருகாலத்தில் இப்படிக் கேட்டிருக்கிறேன். இதே பதிலைத்தான் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 2

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 6

பாக்கி இருந்த பெயர்களையும் சொல்லி முடித்தேன். கடைசி முப்பது பேருக்குக் குரல் போதவில்லை, எழுதி அனுப்பினேன். பாய் எட்டாவதைக் கலந்து முடித்து அனுப்பினார். கோப்பின் பெயர் 'உச்சி வெயில் ட்ராக்'. அதை 'உச்சி வெயில்' என்று நானே மாற்றினேன்.

ஆகஸ்ட் 9

இணையத்தில் நாளைக்கு வெளியாகும் பக்கத்தை நிரப்பினேன். கம்பெனி இருந்தால் இதையெல்லாம் எவனோ ஒருவன் குளிர் அறையில் உட்கார்ந்து நிரப்புவான். பாட்டின் பெயர், இயற்றியவர், மெட்டு, வாத்தியம், பாடியவர். பத்தொன்பது வருஷமாக இந்தக் கட்டத்தை நிரப்பியவனைத்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெயரைப் போட்டால் என்ன குறைந்துவிடும் அவனுக்கு என்று.

முதல் ஏழுக்கும் மளமளவென்று என் பெயரைப் போட்டேன். எட்டாவதில் செல்வமீனா என்று அடித்தேன். குழுவில் நான் எழுதியதை ஒரு தடவை எடுத்துப் படித்தேன், ஒரு வரிகூட வேறு யாரும் பாடவில்லை. அழித்துவிட்டு ஹெப்சிபா அருள்ராஜ் என்று அடித்தேன். இவர் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். இவருக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாற்றியிருப்பேன். சொல்லவில்லை. இப்படி எழுதுவதும் ஒரு அயோக்கியத்தனம்தான்.

ஆபரேஷன் முடிந்ததும் மாற்றிவிடலாம். ஒரு வாரம்தானே.

ஆகஸ்ட் 10

காலை பத்து மணிக்கு வெளியிட்டேன். பதினொன்றுக்குள் நானூறு பேர் இறக்கிவிட்டார்கள். ரவை உப்புமா கிண்டினேன், அடிப்பிடித்துவிட்டது. ரோஸ்லின் டியூட்டிக்கு நடுவில் ஒளிந்துகொண்டு கேட்டாளாம். பழனிவேல் மத்தியான ட்ரிப்பில் பஸ் முழுக்கப் போட்டுவிட்டாராம்.

சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறேன்.

ஆகஸ்ட் 12

எல்லாரும் எட்டாவதைத்தான் சொல்கிறார்கள். "உச்சி வெயில் கேட்டு அழுதுட்டேன்." "அந்த ரெண்டாவது வெயிலே!" எண்ணினேன், அறுபத்தெட்டு பேர். மற்ற ஏழைப் பற்றிச் சொன்னவர்கள் ஒன்பது பேர், அதில் நாலு பேர் வரிகளைப் பற்றி.

ஆகஸ்ட் 13

நாளைக்கு ஆபரேஷன். பை கட்டிக்கொண்டிருக்கும்போது செல்வமீனாவிடமிருந்து செய்தி.

"அக்கா ஆல்பம் கேட்டேன். எட்டாவதுல ட்ராக்கையே வச்சுட்டீங்க போல. நேரம் இல்லாம இருந்துருக்கும். நல்லாத்தான் இருக்கு. பேரு இல்லன்னு ஒண்ணும் நெனைக்கலக்கா, நமக்குப் பழக்கம்தான். ஒடம்பப் பாத்துக்கோங்க."

நமக்கு என்று எழுதியிருக்கிறாள். சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், நன்றாகவே போடுவேன். இதற்கு என்ன செய்வது? பல் தேய்க்கும் பிரஷ்ஷை இரண்டு தடவை எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 17

ஆஸ்பத்திரி. கட்டி நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்ததாம். இடது பக்க நரம்பை வெட்டித்தான் எடுக்க முடிந்ததாம். டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பேச்சு நாளாவட்டத்தில் வருமாம், கரகரப்பாக. பாட்டைப் பற்றி அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் வழியில்லை. சிலேட் வீட்டில் இருக்கிறது.

இவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, வெகுநேரம் மூக்கைச் சிந்தினார்.

ஆகஸ்ட் 19

இன்றுதான் போனைத் திறந்தேன். குழுவில் முந்நூறு செய்தி.

பழனிவேல்தான் ஆரம்பித்திருக்கிறார். அவர் குரலை அப்படியே எழுதி வைக்கிறேன், எனக்கு மறக்கக் கூடாது.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. எட்டாவது பாட்டு மட்டுந்தான் ஒங்க கொரலு. மீதி ஏழுலயும் யாரோ தொண்ட கட்டுன பொம்பளைய வச்சுப் பாட வச்சுருக்கீங்க. நான் ஞாயித்துக்கெழம தவறாம கேட்டவன், எனக்குத் தெரியாதா? ஒரு வரிகூட வேற யாரும் இல்லன்னு சொன்னீங்களேக்கா."

அதற்குக் கீழே வரிசையாக. ஆமாம், எனக்கும் தோன்றியது. ஏழும் போலி. ஏமாற்று. ஒருவர் எழுதியிருக்கிறார், பெரிய பாடகிகள் ட்ராக் பாடுகிறவர்களை ஏமாற்றுவதாகச் சொல்லிக்கொண்டிருந்த பெண்மணியே ட்ராக் ஆளை வைத்து ஏழு பாட்டை ஒப்பேற்றிவிட்டார் என்று. ரோஸ்லின் மட்டும், "அக்காவுக்கு ஒடம்பு சரியில்லையோ என்னமோ, பொறுங்க" என்று போட்டிருக்கிறாள்.

சொல் சொல்லாக ஒட்டிப் பாடினேனே, அந்த ஏழும் நான். நான் இல்லாத ஒன்றுதான் நானாம்.

இவரிடம் போனைக் கொடுத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "என்ன செய்யப் போறே?" என்றார். சும்மா இருக்கலாம். சும்மா இருந்தால் உச்சி வெயிலாவது என் பெயரில் நிற்கும். நாலு மாசத்தில் மற்றதை மறந்துவிடுவார்கள், அதை மறக்க மாட்டார்கள். அவளும் கேட்க மாட்டாள். பழக்கம்தானே அவளுக்கு.

ஆகஸ்ட் 21

டிஸ்சார்ஜ். வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் பக்கத்தைத் திறந்து எட்டாவதில் பாடியவர் பெயரை மாற்றினேன். செல்வமீனா, திண்டுக்கல். பிறகு குழுவில் எழுதினேன்.

"ஏழு பாட்டும் நான் பாடியது. எனக்குக் கழுத்தில் கட்டி. குரல் போய்க்கொண்டிருக்கும்போது பாடினேன், அதனால் அப்படி இருக்கிறது. நன்றாகப் பாடியதை என் திமிரால் நானே அழிக்க வைத்தேன். எட்டாவதை என்னால் பாட முடியவில்லை. செல்வமீனா என்ற பெண் பாடினாள். அவள் பெயரைப் போடாமல் என் பெயரைப் போட்டேன். எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்தேன். கம்பெனி மேல் பழி போட வழியில்லை, பெயரை அடித்தது என் கை. பணம் திரும்ப வேண்டும் என்பவர்கள் சொல்லுங்கள், தந்துவிடுகிறேன்."

செல்வமீனாவுக்கும் தனியாக எழுதினேன். அவள் உடனே கூப்பிட்டாள். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.

"அக்கா? அக்கா, லைன்ல இருக்கீங்களா? அம்மாட்ட காட்டுனேங்க்கா. பேரப் பாத்துட்டு அம்மா போன அணைச்சு அணைச்சுத் தெறந்து பாக்குது, அப்படியே இருக்கான்னு. ஏங்க்கா முன்னாடியே போடல?"

கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். மூச்சு மட்டும் கேட்டது, இரண்டு பக்கமும். பிறகு வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 22

காலையிலிருந்து நூற்றுப் பதினாலு பேர் குழுவைவிட்டுப் போய்விட்டார்கள். சிலர் நம்பவில்லை. மாட்டிக்கொண்டதும் நோய் என்று கதை கட்டுகிறாளாம். அந்த ஏழையும் பாடியது அவள்தான் என்றால் இப்போது ஒரே ஒரு வரி பாடி அனுப்பட்டும், கேட்டால் தெரிந்துவிடும் என்று ஒருவர் எழுத, பத்துப் பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். பழனிவேலும் அதில் ஒருவர்.

ஒரு மாசத்துக்கு முணுமுணுக்கக்கூடக் கூடாது என்பது டாக்டரம்மா உத்தரவு. இவர் வெந்தயக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டுப் போனின் மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பாடினேன்.

உச்சி வெயிலே, உச்சி வெயிலே.

காற்றுதான் வந்தது. கிழிந்த துணியை இழுப்பது மாதிரி ஒரு சத்தம், இரண்டாவது இடத்தில் அதுவும் இல்லை. மேலே ஏறும் இடத்தில் என் வாய் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, ஒன்றும் வரவில்லை. பதினாலு விநாடி. திரும்பப் போட்டுக் கேட்கவில்லை. கீழே 'பாடியவர் ஹெப்சிபா' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

கதவைத் திறந்தால் இவர் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். திட்டுவார் என்று பார்த்தேன். கஞ்சி ஆறிவிடும் என்றார்.

ஆகஸ்ட் 23

தையல் அரிக்கிறது. குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. நானூற்றுச் சொச்சம் பேர் கேட்டிருக்கிறார்கள் என்று மட்டும் காட்டுகிறது.

நாலு மணிக்குப் பழனிவேல் எனக்குத் தனியாக எழுதினார். குரல் செய்தி இல்லை, எழுத்து.

"அக்கா, பஸ்ஸ நிறுத்திட்டு எறங்கி நின்னு கேட்டேன். அஞ்சாறு தடவ கேட்டேன். இது யார் கொரலுன்னு எனக்கு நெஜமாவே தெரியலக்கா. ஆனா நீங்கதான்னு சொன்னீங்கன்னா நம்புறேன். நீங்கதானா?"

எனக்கும் தெரியவில்லை தம்பி என்று எழுதினேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்துவிட்டு, நான்தான் என்று அனுப்பினேன்.